நாங்கள் ஹால் ட்யூன் பண்ணும் பாட்டு

மேடைக் கச்சேரிக்கு சவுண்ட் பார்ப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டு இருக்கும். உட்கார்ந்து ரசிப்பதற்கான பாட்டு இல்லை அது. ஸ்பீக்கரை அடுக்கி, கேபிள் இழுத்து, ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து முடித்ததும், ஹாலுக்குத் தகுந்தபடி ஒலியைச் சரிசெய்ய, காலி ஹாலில் முதலில் போட்டுக் கேட்பதற்கான பாட்டு. சிலர் இளையராஜா பாட்டு ஒன்றை வைத்திருப்பார்கள், சிலர் ரஹ்மான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வைத்திருந்தது டொனால்ட் ஃபேகன் என்கிற அமெரிக்கர் பாடிய 'ஐ.ஜி.ஒய்.' அது அவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. அது அவருடைய தனிப்பட்ட பித்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, உலகத்தில் பாதி சவுண்ட் எஞ்சினியர்கள் இதே பாட்டைத்தான் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

"அண்ணே, திரும்பவும் அந்த வெள்ளைக்காரனா?" என்று கூட வேலை பார்க்கும் பசங்க அலுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அதன் பெயர் 'செக்கிங் பாட்டு'. யார் பாடியது, எதைப் பற்றிப் பாடியது என்று யாரும் கேட்டதில்லை. நானும் பல வருஷம் கேட்டுக்கொண்டதில்லை. தொழிலுக்குப் பயன்படும் பொருளின் பூர்வீகத்தை யார் விசாரிக்கிறார்கள்?

பாட்டில் என்ன கேட்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சின்தசைசர் மெல்ல எழும்பி வரும். பிறகு ட்ரம்ஸும் பேஸ் கிதாரும் ஜமைக்காவின் ரெக்கே இசைச் சாயல் லேசாகத் தெரிய, அவசரமே இல்லாத ஒரு நடையில் சேர்ந்துகொள்ளும். முதலில் காது போவது கீழ் ஸ்தாயிக்கு. கிக் ட்ரம்மும் பேஸும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். சுவரெல்லாம் டைல்ஸும் கண்ணாடியுமாக இருக்கும் கல்யாண மண்டபத்தில் இரண்டும் கலந்து ஒரே இரைச்சலாக உருளும். 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம். அடுத்தது ட்ரம்பெட், சாக்ஸஃபோன் கூட்டம். இந்தப் பாட்டில் அது பளபளவென்று இருக்கும், ஆனால் குத்தாது. குத்தினால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பீக்கர் கத்துகிறது என்று அர்த்தம். அப்புறம் ஹை-ஹாட், அதாவது ட்ரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு. அது 'ட்ஸ்' என்று உலர்வாக விழவேண்டும். 'ஷ்ஷ்' என்று இழுத்தால் மேலே ஏதோ கோளாறு. குரல் நட்ட நடுவில் நிற்க, கூடப் பாடும் குரல்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கவேண்டும். பாட்டை ஓடவிட்டுவிட்டு ஹாலைச் சுற்றி நடப்பேன். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால், பால்கனிக்குக் கீழே இருக்கும் அந்த இருட்டு மூலை என்று எல்லா இடத்துக்கும் போய் நிற்பேன். பதிவில் குறை இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தால்தான், காதில் விழும் குறை ஹாலுடையது என்று சொல்லமுடியும். இந்தப் பாட்டை நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் கச்சேரி எதுவும் இல்லாமல் வீட்டில் இருந்தபோதுதான் அந்த ஆல்பத்தை முழுதாக உட்கார்ந்து கேட்டேன். 'தி நைட்ஃப்ளை', 1982. எட்டே பாட்டு, 39 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கேட்டதோடு நிற்கவில்லை, எப்படிச் செய்தார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். படித்த பிறகு பாட்டு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் டிஜிட்டலில் பதிவான ஆரம்பகால ஆல்பங்களில் ஒன்று, அதனால்தான் இவ்வளவு சுத்தம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. மெஷினை வைத்துப் பிழைக்கிற, மெஷினை நம்பாத ஒரு கூட்டம் செய்த ஆல்பம் இது. அந்த நம்பிக்கையின்மை ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது.

ஃபேகனும் வால்டர் பெக்கரும் சேர்ந்து நடத்தியது ஸ்டீலி டான். பெயருக்குத்தான் ராக் குழு. 1974க்கு மேல் மேடையே வேண்டாம் என்று ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார்கள். 1972 முதல் 1980 வரை ஏழு ஆல்பம். ஒரு கிதார் சோலோவுக்கு ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு வாசிக்கவைத்து, எதுவும் சரிப்படாமல் தூக்கிப்போடுகிற ரகம். அப்படிப்பட்டவர்களுக்கு மெஷின் கொடுத்த அடிகளைக் கேட்டால் எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் வயிறு கலங்கும். 1975இல் 'கேட்டி லைட்' ஆல்பத்தின்போது இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்த கருவியே சொதப்பி, பதிவின் தரத்தைக் கெடுத்துவிட்டது. தாங்கள் போட்ட ஆல்பத்தைத் தாங்களே கேட்கமாட்டோம் என்று இருவரும் ஒதுக்கும் அளவுக்குப் போயிற்று. அடுத்த அடி 'கௌச்சோ' ஆல்பத்தில். அதற்காக ஏறக்குறைய முடித்து வைத்திருந்த ஒரு பாட்டின் டேப்பை உதவி எஞ்சினியர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள். முதலில் வந்தது வரவில்லை. பாட்டையே கைவிட்டார்கள்.

அதே 'கௌச்சோ' சமயத்தில்தான் ட்ரம்ஸ் பிரச்சினையும் வந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த ட்ரம்மர்கள் வாசித்தும் தாளம் போதுமான துல்லியமாக இல்லை என்பது இவர்கள் குறை. அவர்களுடைய எஞ்சினியர் ரோஜர் நிக்கல்ஸ், ஒலிப்பதிவுக்கு வருமுன் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஒரு கருவி செய்து தருகிறேன் என்றாராம். கொடுத்தார்கள். 'வெண்டெல்' என்று பெயர் வைத்து ஒன்றைச் செய்தார். நிஜ ட்ரம்ஸின் ஒலியை எடுத்து வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி அடிக்கும். இன்றைக்கு எந்தக் கீபோர்டுக்காரரும் லேப்டாப்பில் செய்யும் வேலை. 1980இல் அது மந்திரம்.

'கௌச்சோ' முடிந்ததும் குழுவும் முடிந்தது. பெக்கருக்கு அந்த வருஷங்களில் போதைப் பழக்கம். நியூயார்க்கில் ஒரு டாக்ஸி மோதிக் காலும் உடைந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹவாய்க்குப் போய்விட்டார். 1981இல் பிரிவு வெளியே தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேராக எழுதிப் பழகிய மனிதர், முப்பத்துமூன்று வயதில் தனியாகப் பியானோ முன்னால் உட்கார்கிறார். ஸ்டீலி டான் பாட்டுகளில் வரும் ஆட்கள் சூதாடிகள், போதைப்பொருள் விற்பவர்கள், ஏமாற்றுப் பேர்வழிகள். கேலி விஷமாக இருக்கும். அந்த விஷத்தில் பாதி பெக்கருடையது என்பது அவர் இல்லாதபோதுதான் புரிகிறது. 'தி நைட்ஃப்ளை'யிலும் கேலி உண்டு, ஆனால் அது ஒரு மனிதர் தன் சின்ன வயசுப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

ஃபேகன் வளர்ந்தது நியூ ஜெர்சியில் புதிதாக முளைத்த ஒரு புறநகர்க் குடியிருப்பு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். பையனுக்கு அங்கே மூச்சுமுட்டுகிறது. ராத்திரி படுத்துக்கொண்டு நியூயார்க் ரேடியோவில் வரும் ஜாஸ் நிகழ்ச்சிகளைக் கேட்பதுதான் ஒரே வாசல். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் அந்த ரேடியோக்காரரே பாத்திரமாக வருகிறார். பெயர் லெஸ்டர். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு ஒரு கற்பனை ஸ்டேஷனிலிருந்து ராத்திரி முழுக்க ஜாஸ் போடுகிறார், ஃபோனில் கூப்பிடும் கிறுக்கர்களோடு பேசுகிறார், நடுநடுவே தன் பழைய காதலை நினைத்துக்கொள்கிறார். அட்டைப்படத்தில் ஃபேகனே அந்த லெஸ்டராகச் சட்டையும் டையும் போட்டு, ஒரு பெரிய பழைய ஆர்.சி.ஏ. மைக் முன்னால் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பார். அந்த மைக்கைப் பார்த்ததும் எனக்கு அகில இந்திய வானொலியின் பழைய போட்டோக்கள் ஞாபகத்துக்கு வந்தன.

'ஐ.ஜி.ஒய்.' என்றால் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பூமியையும் கடலையும் வானத்தையும் ஆராய்ந்த காலம். ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்ததும் அப்போதுதான். ஃபேகனுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. அறிவியல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த காலம். பாட்டு அந்த நம்பிக்கையை அப்படியே பாடுகிறது: கடலுக்கடியில் ரயில் விட்டு நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், சூரியசக்தியில் நகரங்கள் ஓடும், கருணையும் தொலைநோக்கும் உள்ளவர்கள் எழுதிக்கொடுத்த புரோகிராமின்படி ஒரு மெஷின் பெரிய முடிவுகளையெல்லாம் எடுக்கும். 1976க்குள் எல்லாம் நன்றாகிவிடும் என்கிறது. பாட்டு வெளியானது 1982இல். இடையில் வியட்நாம் போர், வாட்டர்கேட் ஊழல், பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கேட்கிறவருக்கு அது தெரியும், பாடுகிற பையனுக்குத் தெரியாது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா முடிவையும் மெஷினிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்த காலத்தைக் கேலி செய்யும் பாட்டு. அதைப் பதிவு செய்ததோ அன்றைக்குக் கிடைத்த ஆகப் புதிய மெஷினில். நாங்களோ அதைப் போட்டு எங்கள் மெஷின்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மெஷின், 3எம் கம்பெனியின் டிஜிட்டல் டேப் ரெக்கார்டர். ஆமாம், ஸ்டிக்கி நோட் விற்கிற அதே 3எம். ஒரு அங்குல அகல டேப்பில் 32 ட்ராக், அதாவது 32 தனித்தனி ஒலித் தடம், நொடிக்கு 50,000 தடவை ஒலியை அளந்து எழுதும். ஒலியை எண்ணாக மாற்றும் கன்வெர்ட்டர் அந்தக் காலத்தில் 16 பிட் துல்லியத்துக்கு ஒன்றாகக் கிடைக்காததால், 12 பிட் ஒன்றையும் 8 பிட் ஒன்றையும் சேர்த்து ஒப்பேற்றியிருந்தார்கள். ஃபேகன் மாதிரி ஆளுக்கு இதன்மேல் ஏன் ஆசை வந்தது என்பது, ஒலியை எண்ணாக்காமல் அப்படியே காந்தப் பதிவாக எழுதும் அனலாக் டேப்பில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அனலாக் டேப்பை ஓட்ட ஓட்ட மேல்பூச்சு உதிரும், உச்ச ஸ்தாயி மங்கிக்கொண்டே போகும். ஒரே பாட்டை மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டித் திருத்துகிறவர்களுக்கு டேப் கண்முன்னால் தேய்ந்துகொண்டே வரும். டிஜிட்டலில் எண்களைப் படிக்கமுடிகிறவரை முதல் நாள் கேட்டதுதான் கடைசி நாளும் கேட்கும்.

ஆனாலும் கம்பெனிக்காரர் சொன்னதை நம்பி அவர்கள் வாங்கிவிடவில்லை. நிக்கல்ஸ் செய்த சோதனைதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அனலாக்கில் அன்றைக்குப் பெரிய பெயர் ஸ்டூடர். ஸ்டூடர் 24 ட்ராக் மெஷினையும் 3எம்மையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே நேரத்தில் இரண்டிலும் குழு வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பிறகு இரண்டு மெஷினையும் சேர்ந்தாற்போல ஓடவிட்டு, வாசித்தவர்களையும் கூடவே நேரில் வாசிக்கச் சொன்னார்கள். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஸ்டூடர், 3எம், நேரடி வாசிப்பு என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நேரடி வாசிப்புக்குக் கிட்டே வந்தது 3எம். சரி, ஸ்டூடருக்கு ஒருவேளை அலைன்மென்ட் போயிருக்கலாம் என்று, அதைச் சரிசெய்து இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அப்போதும் 3எம்தான். நியாயமாக நடந்துகொள்வது என்றால் இதுதான். தோற்ற கட்சிக்கு மறுவிசாரணை கொடுத்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் புது ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பிரோஷரைப் பார்த்து வாங்குகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சோதனையில் ஜெயித்த மெஷின் வேலைக்கு வந்ததும் படுத்தி எடுத்தது. இடையிடையே நின்றுபோகும், அலைன்மென்ட் தவறும். நிக்கல்ஸ் கடைசியில் 3எம்மிடமே போய் முறையாகப் பாடம் படித்து, அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு வந்தார். பாட்டுப் பதிவு செய்ய வந்தவர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறார். பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டும் பழைய வித்தையும் இதில் செல்லாது. கை பழகிய எல்லாவற்றையும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. வெண்டெலையும் 16 பிட்டுக்கு உயர்த்தி 3எம்மோடு நேரடியாக இணைக்கும்படி செய்துகொண்டார் நிக்கல்ஸ்.

இங்கே டிஜிட்டல் மிக்ஸர் புதிதாக வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியின் விழா. வாடகைக்கு எடுத்து வந்த கன்சோல், தலைவர் பேச எழுந்த நேரம் பார்த்துத் தானாக ஆஃப் ஆகி, தானாக ஆன் ஆக ஆரம்பித்தது. அனலாக் போர்டில் ஒரு சேனல் போனால் பக்கத்துச் சேனலில் ஜாக்கைச் சொருகிக்கொள்ளலாம். இதில் மொத்தமாகப் போய்விடும். திரையில் ஒரு கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கவேண்டியதுதான். வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்டால், "கரண்ட் ப்ராப்ளம் சார்" என்றார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் அந்த ஒரு பதில்தான். அதிலிருந்து டிஜிட்டல் கன்சோல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எங்கள் வண்டியில் ஆறு சேனல் அனலாக் மிக்ஸர் ஒன்று துணைக்கு வரும். பசங்க அதை 'தாத்தா' என்பார்கள்.

மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வாசித்தவர்களுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். லேரி கார்ல்டன் கிதார், ஜெஃப் போர்காரோ, ஜேம்ஸ் கேட்ஸன், எட் கிரீன் ட்ரம்ஸ், மார்க்கஸ் மில்லர், ஆந்தனி ஜாக்ஸன், சக் ரெய்னி பேஸ், மைக்கேல் ப்ரெக்கர், ராண்டி ப்ரெக்கர் சகோதரர்கள் சாக்ஸஃபோனும் ட்ரம்பெட்டும். அந்தத் துறையில் இதற்குமேல் ஆள் இல்லை. 'ரூபி பேபி' மட்டும் பழைய பாட்டு. லீபர், ஸ்டாலர் எழுதி 1956இல் டிரிஃப்டர்ஸ் பாடியது. அதில் கிரெக் ஃபிலிங்கேன்ஸ், மைக்கேல் ஒமார்ட்டியன் என்று இரண்டு பேர் ஒரே பியானோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கையால் வாசித்தார்கள். அந்தப் பாட்டின் பின்னணியில் கேட்கும் விருந்துச் சத்தத்துக்காக ஸ்டூடியோவிலேயே ஒரு விருந்தும் வைத்தார்கள். 'மேக்ஸீன்' பாட்டில் நான்கு குரல்கள் சேர்ந்து பாடும், நான்கும் ஃபேகன். ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே பாடி அடுக்கியிருக்கிறார். தன் குரலைப் பற்றி எப்போதும் சந்தேகம் உள்ள மனிதர், அந்தக் குரலையே நான்கு மடங்காக்கி நடுவில் நிற்கிறார். அந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்கவேண்டும். நான்கு குரலும் மூச்சை ஒரே இடத்தில் விடுவது தெரியும்.

ஸ்டூடியோ கதைகளில் இன்னொன்று. நியூயார்க்கில் வேலை நடந்துகொண்டிருந்தபோது அறைக்குள் சகிக்கமுடியாத நாற்றம் வர ஆரம்பித்ததாம். கார்பெட்டைப் பிரித்தார்கள், ஏ.சி.யைக் கழற்றினார்கள். கடைசியில் பார்த்தால் வடிகால் குழாயில் செத்த எலி. உலகத்திலேயே சுத்தமான ஒலி என்று பெயர் வாங்கிய ஆல்பம். எனக்கு இந்தத் தகவல் ஏனோ பெரிய ஆறுதல்.

1982 அக்டோபரில் ஆல்பம் வெளிவந்தது. அதே மாதம்தான் ஜப்பானில் முதல்முதலாக சிடி விற்பனைக்கு வந்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். அமெரிக்கப் பட்டியலில் 11ஆவது இடம் வரை போனது. 'ஐ.ஜி.ஒய்.' தனிப்பாட்டாக 26ஆவது இடம். அணுகுண்டுப் பயத்தில் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய பதுங்குகுழிக்குள் பார்ட்டி வைத்து ஒரு பெண்ணைக் கவரப் பார்க்கும் பையனைப் பற்றிய 'நியூ ஃப்ராண்டியர்' பாட்டின் வீடியோவை எம்டிவி ஓட்டியது. 1983 கிராமி விருதுக்கு ஏழு பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆண்டின் சிறந்த ஆல்பம் 'டோட்டோ 4'. அந்த டோட்டோ குழுவின் ட்ரம்மர் யார் தெரியுமா? இந்த ஆல்பத்திலும் வாசித்த அதே ஜெஃப் போர்காரோ. சிறந்த ஒலிப்பதிவுக்கான விருதும் டோட்டோவுக்கே போயிற்று. நாற்பது வருஷமாக சவுண்ட்காரர்கள் எந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களோ, அதற்கு சவுண்டுக்கான விருது இல்லை. 'டோட்டோ 4' மோசமான பதிவு என்று சொல்லமாட்டேன், நல்ல பதிவுதான். ஆனால் யாரும் அதைப் போட்டு ஹால் ட்யூன் பண்ணி நான் பார்த்ததில்லை.

அன்றும் இன்றும் இதைப் பற்றிச் சொல்லப்படும் ஒரே குறை, உணர்ச்சி இல்லாத பளபளப்பு என்பது. பளபளப்பு உண்மை. 'ஐ.ஜி.ஒய்.'யை வெறும் செக்கிங் பாட்டாகக் கேட்ட வருஷங்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாட்டு பளபளக்காமல் வேறு எப்படி இருக்கமுடியும்? பத்து வயசுப் பையன் கனவு கண்ட எதிர்காலம் அது. கீறலே இல்லாத, துருவே பிடிக்காத ஓர் உலகம். கரகரப்பான கிதாரை வைத்துப் பாடியிருந்தால் கேலி முதல் வரியிலேயே வெளியே வந்து விழுந்திருக்கும். ஒலி அவ்வளவு சுத்தமாக இருப்பதால், நாமும் ஒரு நிமிஷம் அந்தக் கடலடி ரயிலை நம்பிவிடுகிறோம்.

ஆல்பம் முடிந்ததும் ஃபேகன் முடங்கிப்போனார். சிறுவயதைத் தோண்டி எடுத்து வைத்தாகிவிட்டது. அதற்குமேல் எழுத எதுவும் வரவில்லை. மனச்சிக்கலுக்குச் சிகிச்சைக்குப் போனார். அடுத்த தனி ஆல்பம் 'காமகிரியாட்' வந்தது 1993இல். பதினோரு வருஷம் கழித்து. அதைத் தயாரித்தது, ஹவாயிலிருந்து திரும்பிவந்த பெக்கர். மூன்றாவது 2006இல் 'மார்ஃப் தி கேட்'. விற்பனையைப் பொறுத்தவரை முதலாவது மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்து 2001இல் பிளாட்டினம் சான்று பெற்றது.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆல்பம் பிறகு சிடியாக வந்ததல்லவா, ஸ்டீவி வொண்டர் தரப்பிலிருந்து நிக்கல்ஸுக்கு ஃபோன் வந்தது: சிடி கேட்க என்னவோ போல இருக்கிறதே! நிக்கல்ஸ் விசாரித்துப் பார்த்தால், மூல டிஜிட்டல் டேப்பிலிருந்து எடுக்கவேண்டிய சிடியை, அனலாக்கில் நகலுக்கு நகல் எடுத்த ஏதோ ஒரு டேப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவரே பிறகு இதை எழுதியிருக்கிறார். 3எம்மிடம் போய்ப் பாடம் படித்து, ஸ்டூடருக்கு மறுவிசாரணை கொடுத்து, எலி நாற்றத்தைத் தாங்கி, அத்தனையும் செய்த பிறகு அலமாரியிலிருந்து யாரோ ஒருவர் தப்பான பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். எந்த மெஷினாலும் இதைப் பிடிக்க முடியவில்லை. பிடித்தது பார்வையில்லாத ஒரு பாட்டுக்காரரின் காது.

இதைப் படித்த பிறகு நான் எந்த 'ஐ.ஜி.ஒய்.'யை வைத்திருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் குருநாதர் கொடுத்தது, சிடியிலிருந்து எரித்த சிடி. அதை லேப்டாப்பில் ஏற்றி, பென் டிரைவில் போட்டு, எத்தனை கைமாறியதோ. நல்ல பதிப்பு ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டையும் சத்த அளவு சமமாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். கீழே பெரிய வித்தியாசம் இல்லை. மேலே, ஹை-ஹாட்டில் இருந்தது. அதற்கப்புறம் பழையதை அழித்துவிடவில்லை. அதில் கேட்டுப் பழகிய காது இது, இரண்டும் இருக்கட்டும். பசங்களிடம் மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: செக்கிங்குக்குப் ப்ளூடூத் கூடாது, ஃபோனில் ஓடுகிற ஸ்ட்ரீமிங் கூடாது, ஃபைலாகத்தான் போடவேண்டும். "உங்களுக்கு மட்டும்தாண்ணே வித்தியாசம் தெரியுது" என்கிறான் ஒருவன். தெரியட்டும், அதற்குத்தானே சம்பளம்.

ஃபேகன் 2019இல் இந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்தார். எழுபதைத் தாண்டிய வயது. பெக்கர் 2017இலும் நிக்கல்ஸ் 2011இலும் போய்விட்டார்கள். மேடைக்கே வரமாட்டேன் என்று ஸ்டூடியோவுக்குள் போன மனிதர், அங்கே மாதக்கணக்கில் செதுக்கியதை ஒரு குழுவை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில், திருத்த வழியில்லாமல், ஜனங்கள் முன்னால் வாசிக்கிறார். அந்தப் பதிவு 2021இல் வந்தது. குரல் தேய்ந்திருக்கிறது, மேல் ஸ்தாயியைக் கூடப் பாடும் பெண்களிடம் விட்டுவிடுகிறார். 'மேக்ஸீன்' நாலு ஃபேகனாக இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, வீட்டில் அதைத்தான் கேட்கிறேன். ஹாலுக்கு எடுத்துப் போவதில்லை. மைக்கில் கூட்டத்தின் கைதட்டல் கலந்திருக்கிறது, அதை வைத்து ஈக்யூ போட, அதாவது ஸ்தாயிகளை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய, முடியாது.